டெமிஸ்ஸம் என்னும் காட்டுக்கிழங்கு

கத்தரி, சுண்டை, தூதுவளை, கண்டங்கத்திரி, மணத்தக்காளி என்னும் ஐந்தும் ஒரு குடிப் பிறந்தவை என்பதை அறிய நூல் வேண்டுவதில்லை. பூவைப் பார்த்தாலே போதும். விண்மீன் வடிவாய் ஐந்து முனையுடன் விரிந்த ஊதாப்பூ அல்லது வெண்பூ, அதன் நடுவே நெருங்கி நிற்கும் மஞ்சள் நிற மகரந்தப் பைகள், பூ வீழ்ந்தபின் விதை நிறைந்த சதைப்பற்றுள்ள காய் ஆகிய இவையே அக்குடியின் அடையாளங்கள். செடிநூலார் இப்பேரினத்தைச் சோலானம் என்பர். இதன்கண் ஆயிரத்திற்கு மேற்பட்ட இனங்கள் உள. கடல் கடந்து வந்து நம் அடுக்களையில் நிலைத்துவிட்ட உருளைக்கிழங்கும் அவற்றுள் ஒன்றே.

தமிழ் பயில்வோர் செடிநூலிற் புகுவது எல்லை கடந்த செயல் என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் எண்ணக்கூடும். ஆயினும், விடுதியில் வாரம் மும்முறை எம் இலையில் வந்து விழும் கிழங்கின் குலமுறையை விசாரிக்க உண்பார் யாவர்க்கும் உரிமை உண்டன்றோ? அவ்விசாரணையில் எமக்கு எதிர்ப்பட்டதே சோலானம் டெமிஸ்ஸம் என்னும் காட்டுச்செடி. உண்ணத் தகாதது, அழகிற்காக வளர்ப்பாரும் இல்லாதது, தமிழில் பெயரும் இல்லாதது. இங்கு வளராத செடிக்குப் புதுப்பெயர் சூட்டுவது வீண் வேலையாதலின், அறிஞர் இட்ட பெயராலேயே இதனை வழங்குவோம்.

மெக்ஸிகோ நாட்டின் நடுவே, கிழக்கு மேற்காக எரிமலைத் தொடர் ஒன்று கிடக்கின்றது. அதன் சரிவுகளிலும், அதற்குத் தெற்கே குவாத்தமாலா நாட்டின் உயர்மலைகளிலும், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 2,600 மீட்டர் முதல் 3,800 மீட்டர் வரையுள்ள உயரத்தில் இச்செடி வாழ்கின்றது. நம் தொட்டபெட்டாச் சிகரமே 2,637 மீட்டர்தான் என்பதை நினைத்தால் அவ்வுயரம் ஒருவாறு விளங்கும். அங்கே ஓயமெல் என்னும் ஊசியிலை மரங்களும் பைன் மரங்களும் அடர்ந்து நிற்கும். கோடை நடுவே மழை தொடங்கிவிட்டால் ஐந்தாறு திங்கள் மேகமும் மூடுபனியும் அக்காட்டை விட்டு நீங்குவதில்லை. மரப்பாசி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். நிலம் இலைமக்கால் கறுத்து மெத்தென்றிருக்கும். அம்மக்கிலே, மரநிழலிலும் புல்வெளி ஓரங்களிலும், சிலவிடங்களில் சோளக்கொல்லை வரப்புகளிலும் டெமிஸ்ஸம் முளைக்கின்றது.

அதன் தோற்றத்தில் வியக்கத்தக்கது யாதும் இல்லை. உயர்ந்து வளராமல் தரையை ஒட்டியே இலை பரப்பும். ஒரு காம்பில் சிற்றிலைகள் இணையிணையாய் அமைய, நுனியிலுள்ள இலை மட்டும் பெரிதாக இருக்கும். பூ சிறியது, பெரும்பாலும் ஊதா நிறம். காய் பச்சை நிறத்து உருண்டை. மண்ணுக்குள் நீண்டு ஓடும் வெண்ணிறத் தண்டுகளின் நுனியில் கோலிக்குண்டு போன்ற சிறு கிழங்குகள் திரளும். மழைக்காலம் ஓய்ந்து உறைபனி வந்ததும் மேலுள்ள செடி மடிந்துபோக, கிழங்கு மட்டும் மண்ணுள் உறங்கி அடுத்த மழைக்குக் காத்திருக்கும். இலையிலும் கிழங்கிலும் டெமிஸ்ஸின் என்னும் கசப்பு நஞ்சு உண்டு. உருளைச் செடியை மொட்டையடிக்கும் கொலராடோ வண்டின் புழுக்களும் அந்நஞ்சால் இச்செடியைத் தீண்டத் தயங்கும். டெமிஸ்ஸம் என்னும் இலத்தீன் சொல்லுக்குத் தாழ்ந்தது, தலை கவிழ்ந்தது என்பது பொருள். பணிவுடையது என்றும் கூறலாம்.

இப்பெயரை இட்டவர் ஜான் லிண்ட்லி என்னும் ஆங்கிலச் செடிநூலறிஞர்; இட்ட ஆண்டு 1848. அவ்வாண்டில் ஐர்லாந்து மக்கள் பசியால் மடிந்துகொண்டிருந்தனர். பெயருக்கும் பசிக்கும் உள்ள தொடர்பு அன்று எவர்க்கும் தெரியாது. அதனைச் சற்று விரித்துரைப்போம்.

ஐர்லாந்தில் 1841-ஆம் ஆண்டுக் கணக்குப்படி 81 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் இருந்தனர். அவருள் ஏழைக் குடியானவர்க்குக் காலையும் மாலையும் உருளைக்கிழங்கே உணவு. குத்தகை நிலத்தில் விளைந்த தானியம் வாரத்திற்குப் போய்விடும். எஞ்சிய சிறு துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்திற்கு ஆண்டு முழுவதும் போதுமான உணவைத் தரவல்ல பயிர் வேறில்லை. அதிலும் லம்பர் என்னும் ஒரே வகையே பெரும்பாலும் பயிராயிற்று. உருளைக்கிழங்கை விதையிட்டு வளர்ப்பதில்லை. கிழங்கையே வெட்டி நடுகின்றனர். ஆதலின் ஒரு வகைச் செடிகள் யாவும் ஒரே செடியின் துண்டுகளே. ஒன்றைக் கொல்வது அனைத்தையும் கொல்லும்.

1845-ஆம் ஆண்டுக் கோடையில் பெல்ஜியம் முதலிய நாடுகளில் ஒரு புதிய நோய் தோன்றிற்று. இலையில் நீர் கோத்தாற்போன்ற புள்ளி விழும், அது கறுக்கும், இலையின் அடிப்புறத்தில் வெண்பொடி பூத்தாற்போல் தோன்றும், ஈரமும் குளிரும் தொடர்ந்தால் சில நாளில் வயல் முழுதும் கருகி நாறும். மண்ணுள் கிடக்கும் கிழங்கும் பழுப்பேறி அழுகும். இக்காலத்தார் இதனைப் பின்பருவக் கருகல் நோய் என்பர். அவ்வாண்டு செப்டம்பர் 13-ஆம் நாள், லிண்ட்லி தாம் ஆசிரியராயிருந்த தோட்டக்கலை இதழில், நோய் ஐர்லாந்தை அடைந்துவிட்டது என்ற செய்தியைத் துயரத்துடன் வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அந்நாட்டில் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் பசியாலும் பசியைத் தொடர்ந்த காய்ச்சலாலும் மாண்டனர். பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் கப்பலேறி வேற்று நாடு சென்றனர். தானியம் ஏற்றுமதியானதும், அரசாங்க உதவி குறுகியதும் இத்துயரை மிகுவித்தன. பூஞ்சையின் மேல் மட்டும் பழி சுமத்துவது நேர்மையன்று.

நோயின் காரணம் யாது? ஈரமும் குளிரும் மிக்க வானிலையால் செடிகள் அளவிறந்த நீரை உறிஞ்சி, அதனை வெளியேற்ற மாட்டாமல் அழுகின என்பது லிண்ட்லியின் கொள்கை. அறிஞர் பெரும்பாலோர் அவர் பக்கமே நின்றனர். கிராமத் திருச்சபைக் குருவாயிருந்து பூஞ்சைகளை ஆராய்ந்துவந்த மைல்ஸ் ஜோசப் பெர்க்கிலி மட்டும், இலையிற் காணும் வெண்பூச்சே நோய்க்குக் காரணம் என 1846-இல் எழுதினார். அழுகிய செடியிலன்றோ பூஞ்சை தோன்றும், பூஞ்சையால் செடி அழுகுமோ என்று மறுத்தவர் பலர். பாஸ்டர் நுண்ணுயிர்க் கொள்கையை நிறுவுவதற்கு முற்பட்ட காலம் அது. பெர்க்கிலி சொன்னதே உண்மை என்பதை ஜெர்மானியரான டி பாரி 1861-இல் சோதனையால் மெய்ப்பித்தார். பின்னர் 1876-இல் அவ்வுயிருக்கு, செடியைக் கொல்வது எனப் பொருள்படும் பைட்டாப்தோரா என்னும் பெயரையும் சூட்டினார். இஃது உண்மையில் பூஞ்சையும் அன்று, பழுப்புநிறக் கடற்பாசிகளுக்கு உறவான வேறோர் இனம் என்று இன்றைய அறிஞர் பிரித்துவைத்துள்ளனர். ஆயினும் வழக்குப் பற்றிப் பூஞ்சை என்றே யாம் கூறுவோம்.

நோயின் காரணத்தை மறுத்த அதே லிண்ட்லிதான், நோய்க்கு மருந்தைத் தன்னுள் வைத்திருந்த செடிக்குப் பெயரிட்டவர். பெர்க்கிலியின் கட்டுரை வெளிவந்த தோட்டக்கலைச் சங்க இதழிலேயே, இரண்டாண்டு கழித்து, டெமிஸ்ஸத்தின் விவரணமும் வெளிவந்தது. இரண்டும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்து இருந்தும், அறுபது ஆண்டு ஒன்றையொன்று அறியாமற் கிடந்தன.

அவ்விரண்டையும் இணைத்தவர் செடிநூலார் அல்லர். ரெட்கிளிஃப் சாலமன் என்னும் மருத்துவர். காசநோயால் 1903-ஆம் ஆண்டளவில் மருத்துவத் தொழிலை விட நேர்ந்து, இங்கிலாந்தில் பார்லி என்னும் சிற்றூரில் குடியேறிய அவர், பொழுது போக்குதற்கு மெண்டலின் மரபு விதிகளைச் சோதிக்கலானார். தோட்டக்காரர் சொற்படி உருளைக்கிழங்கை அதற்குத் தேர்ந்தார். க்யூ தோட்டத்திலிருந்து வந்த காட்டினம் ஒன்றின் நாற்றுகளை அவர் வளர்த்தபோது, 1909-இல் கருகல் நோய் தோட்டம் முழுதும் பரவிற்று. பிற யாவும் கருகிவிழ, அக்காட்டினத்தின் நாற்றுகளிற் சில மட்டும் பசுமை மாறாமல் நின்றன. அச்செடி டெமிஸ்ஸமும் வீட்டு உருளையும் கலந்து பிறந்த கலப்பினம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பசுமை எப்பக்கத்திலிருந்து வந்தது என்பதில் ஐயம் இல்லையாகலின், சாலமன் டெமிஸ்ஸத்தையே எடுத்துக் கலப்புச் செய்யத் தொடங்கினார்.

கலப்பென்பது சொல்லுதற்கு எளிது. வீட்டு உருளைக்கு 48 குரோமோசோம்கள், டெமிஸ்ஸத்திற்கு 72. ஒன்றின் பாதியும் மற்றதன் பாதியும் சேர, பிள்ளைக்கு 60. அப்பிள்ளையோ கிழங்கு சிறுத்து, கசந்து, மண்ணுள் நெடுந்தூரம் ஓடிக் காட்டுத்தன்மை மிக்கதாய் இருக்கும். அதனை மீண்டும் வீட்டு உருளையோடு கலந்து, பிறந்தவற்றுள் நோய் தாங்குவனவற்றை மட்டும் தேர்ந்து, மறுபடியும் கலந்து, இவ்வாறு பல தலைமுறை கடந்தாலன்றி உண்ணத்தக்க கிழங்கு வாராது. ஒரு தலைமுறைக்கு ஓராண்டு. சாலமன் 1926-ஆம் ஆண்டளவில், நோய் தாங்குவனவும் ஓரளவு பயிரிடத்தக்கனவுமான வகைகளைப் பெற்றுவிட்டார். இங்ஙனம் பயன்பட்ட காட்டுச்செடியினின்று உழவனுக்கு வந்தது கிழங்கன்று, விளைவன்று. பகைவனை அடையாளம் காணும் அறிவு ஒன்றே.

ரஷ்யரும் அக்காலத்தில் வாளா இருந்தாரல்லர். பயிர்களின் காட்டு உறவினங்களைத் தேடி உலகெங்கும் ஆள் அனுப்பிய நிக்கொலாய் வாவிலோவ், 1925-இல் புகாசோவ் முதலியோரை மெக்ஸிகோவிற்கு அனுப்பினார். அவர்கள் கொணர்ந்த கிழங்கினங்கள் லெனின்கிராட் நகரத்து நிலையத்தில் வளர்க்கப்பட்டன. 1941-இல் ஜெர்மன் படை அந்நகரை முற்றுகையிடவே, உருளைக்கிழங்குப் பிரிவினர் குண்டு வீச்சினிடையே பாவ்லோவ்ஸ்க் வயல்களிலிருந்து கிழங்குகளைத் தோண்டி நகருக்குக் கொணர்ந்தனர். அக்கொடுங்குளிரில் கிழங்கு உறைந்து கெடாதிருக்கக் கிடைத்ததையெல்லாம் எரித்து அறையை வெதுப்பினர். அந்நிலையத்தார் பலர் பசியால் இறந்தனர். விதையையும் கிழங்கையும் உண்டிலர். வாவிலோவ் அப்போது அரசாங்கத்தின் சினத்திற்காளாகிச் சிறையில் இருந்தார். 1943-இல் சாராட்டோவ் சிறையிலேயே மாண்டார். ஐர்லாந்துப் பசியை நினைத்துக்கொண்டு இதனைப் படிப்போர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

இனி, டெமிஸ்ஸம் நோயைத் தாங்கும் முறையைக் கூறுவோம். பூஞ்சையின் விதைத்தூள் இலைமேல் விழுந்து முளைத்து, நுண்ணிய குழாயை உள்ளே செலுத்துகின்றது. செலுத்தியதும், செடியின் தற்காப்பை மயக்குதற்குச் சில புரதங்களைச் செல்லினுள் விடுகின்றது. வீட்டு உருளை அவற்றை அறிந்துகொள்வதில்லை. டெமிஸ்ஸத்தின் செல்லிலோ அவற்றுள் ஒன்றை இன்னதென அறியும் காவலன் உண்டு. அறிந்த மாத்திரத்தில் தாக்குண்ட செல் தானே இறந்துபடுகின்றது. உயிருள்ள செல்லை உண்டே பரவத் தொடங்கும் பூஞ்சை, இறந்த செல்லின் நடுவே இரையின்றி ஒடுங்கிவிடும். இலையில் ஊசிமுனை போன்ற கரும்புள்ளி ஒன்று எஞ்சும், அவ்வளவே. ஊருக்குத் தீப் பரவாதிருக்கத் தன் கூரையைத் தானே பிரித்தெறிபவனின் செயல் போன்றது இது. இத்தகைய காவலரை உண்டாக்கும் மரபணுக்கள் பதினொன்றை டெமிஸ்ஸத்தினின்று அறிஞர் பிரித்தறிந்து, ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிட்டனர். அவற்றுள் முதலாம் மரபணுவின் முழு அமைப்பும் 2002-இல் படித்தறியப்பட்டது.

ஆயினும் ஒவ்வொரு காவலனும் ஒரே ஒரு முகத்தை மட்டும் அறிவான். பூஞ்சையோ கோடிக்கணக்கில் பெருகுவது. அவற்றுள் ஒன்று தன் புரதத்தைச் சிறிது மாற்றிக்கொண்டுவிட்டால், அல்லது விட்டொழித்துவிட்டால், காவலன் முன்னே அது தாராளமாய் உள்ளே புகும். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே ஜெர்மனியில் நோய் தாங்கும் என நம்பிய வகைகள் கருகத் தொடங்கின. பின்னர் வந்தவையும் பல அவ்வாறே சில ஆண்டுகளில் வீழ்ந்தன. அதனினும் கேடு ஒன்று உண்டு. காவலன் விழித்திருந்த காலமெல்லாம் செடியின் பிற தற்காப்புகள் தேர்வாரின்றித் தேய்ந்துபோயின; ஆதலால் காவலன் தோற்ற அன்று அச்செடி பழைய வகைகளினும் விரைவாகக் கருகிற்று. வெர்ட்டிபோலியா என்னும் வகைக்கு இது நேர்ந்தமையால், இந்நிகழ்ச்சிக்கு அதன் பெயரையே வான் டெர் பிளாங்க் என்பார் 1963-இல் இட்டு வழங்கினார்.

அங்ஙனமாயின் காட்டிலே டெமிஸ்ஸம் எங்ஙனம் இத்தனை காலம் பிழைத்தது? எமக்கு இவ்வினாவே இவ்வரலாற்றின் உயிர்நிலை எனத் தோன்றுகின்றது. நோய்ப் பூஞ்சையின் பிறப்பிடம் மெக்ஸிகோவின் நடுப்பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆண்டிஸ் மலை என்பாரும் உளர். எவ்வாறாயினும், பூஞ்சையின் இருபால் வகைகளும் ஒன்றாய் வாழ்ந்து புதுப்புது வடிவங்களைப் பிறப்பிப்பது மெக்ஸிகோவின் டொலூக்கா பள்ளத்தாக்கில் என 1950-ஐ அடுத்த ஆண்டுகளில் கண்டறிந்தனர். பிற நாடுகளில் நெடுங்காலம் ஒருபால் வகையே பரவியிருந்தது. அப்பள்ளத்தாக்கைச் சூழ்ந்த காடுகளில்தான் டெமிஸ்ஸமும் வளர்கின்றது. பகையும் செடியும் நெடுங்காலம் ஒரே மழையில் நனைந்தவை. ஒரு செடியின் காவலர் வேறு, அடுத்த செடியின் காவலர் வேறு. ஓர் ஆண்டு ஒன்று புள்ளி விழுந்து வாடினாலும் அடுத்தது நிற்கும். நிற்பதன் விதை பரவும். ஒன்றுபோல் ஒன்று இல்லாமையே அதன் காப்பு. மனிதன் அக்கூட்டத்தினின்று ஒரு காவலனை மட்டும் பிரித்தெடுத்து, ஒரே வகைச் செடியாலான பரந்த வயலின் வாயிலில் நிறுத்தினான். லம்பர் வயல்களின் பழைய குற்றத்தைப் புதிய காவலனை வைத்துக்கொண்டு மீண்டும் செய்தான் என்றே கூறவேண்டும்.

இதனை நன்குணர்ந்தவர்களுள் ஒருவர் ஜான் நீடர்ஹவுசர் என்னும் அமெரிக்கர். உலகில் எங்கும் கருகல் நோய்க்கு இத்துணைக் கடுமையான சோதனைக்களம் இல்லை என்று கண்ட அவர், பல நாட்டு உருளை வகைகளை டொலூக்காவில் நட்டு, மழைக்காலத்துப் பூஞ்சைக்கு முன் நிறுத்தினார். ஒற்றைக் காவலனை நம்புவனவற்றை ஒதுக்கி, மெல்ல நோயுற்றாலும் வீழாமல் விளைவு தருவனவற்றைத் தேர்ந்தார். இத்தொண்டிற்காக அவர்க்கு 1990-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிற்கும் இக்கதையில் இடமுண்டு. இந்தியாவில் கருகல் நோய் முதலிற் காணப்பட்டது நீலகிரியிலே, 1870-க்கும் 1880-க்கும் இடையில். தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும் கூடும் கார்போகத்தில் அங்கு நோய் வெறிகொள்ளும். மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தார் உதகையை அடுத்த முத்தோரையில் 1957-இல் ஒரு கிளையை நிறுவினர். 1968-இல் குஃப்ரி ஜோதி என்னும் வகையை வெளியிட்டனர். மலையிலும் சமவெளியிலும் பரவிய அவ்வகையின் பரம்பரையில் டெமிஸ்ஸத்தின் பங்கு உண்டு. மெக்ஸிகோ மலைக்காட்டுச் செடியின் ஒரு கூறு எம் விடுதி இலையை எட்டிய வழி இதுவே. அதன் நோய் தாங்கும் ஆற்றலும் காலப்போக்கில் தேய்ந்துவிட்டது. ஆகவே மழை பிடித்ததும் மருந்து தெளிக்கும் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குவது மலை உழவர்க்கு வழக்கமாயிற்று. ஒவ்வொரு தெளிப்பும் செலவே. மழை கழுவிவிட்டால் மறுபடியும் செலவு.

ஆராய்ச்சியாளர் இக்காலத்தில் பல காவலரை ஒரே செடியில் ஒருங்கு நிறுத்த முயல்கின்றனர். டெமிஸ்ஸத்தின் விதைகள் பல நாட்டுக் குளிரறைகளில் உறையிலிட்டுக் காக்கப்படுகின்றன. அது நன்றே. ஆயினும் குளிரறையிலுள்ள விதை, இட்ட நாளில் அறிந்ததை மட்டுமே அறியும். பூஞ்சை நேற்று மேற்கொண்ட புதிய வேடத்தை அறிய அதற்கு வாய்ப்பில்லை. அதனை அறிவது காட்டில் நனைந்துகொண்டு நிற்கும் செடியே.

அக்காட்டின் நிலை மனத்திற்கு ஆறுதல் தருவதன்று. டொலூக்கா எரிமலையின் உயர்சரிவுகள் 1936-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2013-இல் அவ்வகைப்பாடு மாற்றப்பட்டு, செடி விலங்குகளின் காப்புப் பகுதி என்னும் வேறு நிலை தரப்பட்டது. மரம் வெட்டுவோர் ஒருபுறம் இருக்க, அச்சரிவுகளில் காட்டை அழித்து மேலேறும் பயிர்களுள் ஒன்று உருளைக்கிழங்கே. குளிர்ந்த மலைமண்ணில் அது நன்கு விளைகின்றது, விளைவிப்போர் ஏழைகள், அவரைக் குறைகூற எமக்கு மனமில்லை. ஓயமெல் மரங்கள் வீழ்ந்த இடத்தில் உருளைப் பாத்திகள் வரிவரியாய் நிற்க, அப்பாத்திகளின் ஓரத்தில், களை எடுப்போர் கைக்குத் தப்பிய டெமிஸ்ஸம் மழைக்காலந்தோறும் தன் சிறு ஊதாப்பூவைப் பூத்துக்கொண்டிருக்கின்றது.